எஞ்சின் மாற்றிய அம்பாசிடரும் காரைக்குடியில் பலகை இல்லாத ஒரு ஷெட்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரைக்குடியிலிருந்து தேவகோட்டை ரஸ்தா போகும் வழியில் இருக்கும் இந்த ஷெட்டுக்குப் பெயர்ப் பலகை கிடையாது, மேப்பில் தேடினாலும் வராது. தகரக் கூரை, முன்னால் ஒரு வேப்பமரம், மரத்தடியில் எஞ்சின் இல்லாமல் நிற்கும் ஒரு பழைய ஃபியட். அந்த ஃபியட்தான் அடையாளம். அது எத்தனை வருடமாக அங்கே நிற்கிறது என்று கேட்டால் பாய் சிரிப்பாரே தவிர பதில் வராது. எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். கூட ஒரே ஒரு பையன்.

எங்கள் வண்டி 1972 மாடல் அம்பாசிடர் மார்க் 2. ஐயா, அதாவது தாத்தா, வாங்கியது. கோட்டையூர் வீட்டு முகப்பை ஒட்டிய கொட்டகையில் பத்து வருடம் சும்மா நின்றது. வருகிற தை மாதம் அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்) எழுபது சாந்தி, அன்றைக்கு இந்த வண்டியில்தான் கோயிலுக்குப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் தினமும் காலையில் போய் பானெட்டைத் துடைத்துவிட்டு வருகிற மனிதரிடம் தனியாகக் கேட்கவா வேண்டும். எஞ்சினைத் திறந்து பார்த்தால் பிளாக்கில் விரிசல். மதுரைப் பக்கம் ஒரு காயலான் கடையில் அதே 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் ஒன்று கிடைத்தது, வாங்கி வந்து ஊர்ப் பக்கத்திலேயே ஒரு ஷெட்டில் கொடுத்தேன். அந்த ஷெட்டின் பெயரை எழுதப் போவதில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, எஞ்சினை இறக்கி ஏற்றிய வேலை சுத்தமாகவே இருந்தது. டைமிங், அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரம், அந்த விஷயத்தில்தான் என்னை ஒன்றரை மாதம் அலைய விட்டார்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. ஐடிலில் பூனை மாதிரி நின்றது. வீதியில் இறங்கினால் இழுவை இல்லை. மூன்றாவது கியரில் மிதித்தால் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. குன்றக்குடி போய்ச் சேருவதற்குள் ஹீட் முள் மேலே ஒட்டிக்கொண்டது, ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் சைலன்ஸரில் பட் பட் என்று வெடி, சாயங்காலம் பானெட்டைத் திறந்து பார்த்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மங்கலாகச் சிவந்து தெரிகிறது. லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர். வண்டி தெரிந்தவர்கள் இதைப் படித்தவுடனே டைமிங் பின்தங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். நானும் சொன்னேன். அவர்கள் டைமிங் லைட்டை, அதாவது தீப்பொறி விழும்போதெல்லாம் மின்னும் விளக்கை, எடுத்து வந்து புல்லியில் இருக்கும் குறிமேல் பிடித்துக் காட்டினார்கள்: எஞ்சினில் இருக்கும் குறி முள்ளுக்கு நேராக, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 5 டிகிரி முன்னால், கன கச்சிதம். "பாருங்க சார், டைமிங் பக்கா." லைட்டே காட்டும்போது நான் என்ன பேச. அப்புறம் ரேடியேட்டர் கழுவினோம், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தோம், கார்புரேட்டர் கிட் போட்டோம், பெட்ரோல் பம்ப் மாற்றினோம், கடைசியில் ஹெட் கேஸ்கட்டையும் மாற்றினோம். பதினாலாயிரம் ரூபாய். ஒன்றும் மாறவில்லை.

புதுவயலில் அரிசி ஆலை வைத்திருக்கும் அம்மான் ஒருவர்தான் பாயிடம் போகச் சொன்னார். கட்டி இழுத்துக்கொண்டு போகவில்லை, காலை ஆறு மணிக்கே கிளம்பி, வெயில் ஏறுவதற்கு முன் மெதுவாக ஓட்டியே போய்ச் சேர்ந்தேன்.

நான் கதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி. "தம்பி, முன்னாடி இருக்கிற புல்லி எந்த எஞ்சினோடது?" எனக்கு நினைவுக்கு வர ஒரு நிமிடம் ஆனது. காயலான் கடையிலிருந்து வந்த எஞ்சினில் கிராங்க் புல்லி, அதாவது பெல்ட் ஓடும் முன் சக்கரம், விளிம்பு நசுங்கிப் பெல்ட்டைத் தின்றுகொண்டிருந்ததால் எங்கள் பழைய எஞ்சினின் புல்லியைக் கழற்றி அதில் மாட்டினார்கள். முள் இருக்கும் டைமிங் மூடி புது எஞ்சினுடையது. இதைச் சொன்னதும் அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஒவ்வொரு பிளக்குக்கும் தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போகவே இல்லை. நேராக, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் குழிக்குள் இறங்கிவிட்டார்.

எனக்கு இந்த ஷெட்டில் பிடித்தது இதுதான், மீதியெல்லாம் இதற்கு அப்புறம். எஞ்சினை மாற்றினால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பிஸ்டன் உண்மையில் எப்போது உச்சியில் நிற்கிறது என்பது. புல்லியில் இருக்கும் வெட்டு அதை நமக்குச் சொல்லும் ஒரு அடையாளம் மட்டுமே. அந்த அடையாளமே வேறொரு எஞ்சினிலிருந்து வந்தது என்றால் அதன்மேல் எத்தனை லைட் அடித்தும் பயனில்லை. இதை அவர் என்னிடம் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை, செய்து காட்டினார்.

எங்கள் எஞ்சினில் முள்ளும் வெட்டும் அடியில் இருப்பதால் மேலிருந்து பார்க்க முடியாது, குழி இருக்கும் ஷெட்டாக இருந்தால்தான் வசதி. என்னையும் உள்ளே இறங்கச் சொன்னார். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் புல்லியைத் துடைத்து டார்ச் அடித்துக் காட்டினார். "இந்த வெட்டு கம்பெனி போட்டது இல்ல தம்பி. அரத்தால யாரோ போட்டிருக்காங்க, பாருங்க." கிட்டப் போய்ப் பார்த்தால் வெட்டின் இரண்டு பக்கமும் கீறல், ஒரு பக்கம் ஆழம் கூட, ஒரு பக்கம் குறைவு. ஐம்பது வருடமாக எங்கள் வீட்டில் இருக்கும் வண்டி, யாருமே இதைக் கவனித்ததில்லை. பழைய எஞ்சின் எப்படி ஓடியது என்று கேட்டேன். "அப்போ காதால வச்சிருப்பாங்க. குறியை யார் பார்த்தா?"

பிறகு நான்கு பிளக்கையும் கழற்றினார். டூல் பெட்டியிலிருந்து ஒரு விநோதமான சாமானை எடுத்தார்: பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு அந்த இரும்புக் கூட்டுக்குள் ஒரு போல்ட்டை வெல்டிங் வைத்தது, போல்ட்டின் முனை உருண்டையாகத் தேய்த்திருக்கிறது. அதை முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையில் கையால் திருகி மாட்டினார். இந்த எஞ்சினில் பிளக் சாய்வாகப் பக்கவாட்டில் இருப்பதால் சைக்கிள் கம்பியை உள்ளே விட்டு உச்சி பார்க்கிற வேலை துல்லியமாக வராது. தவிர, உச்சிக்குப் பக்கத்தில் பிஸ்டன் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாத அளவுக்கு மெதுவாகிவிடும், கம்பி வைத்துப் பார்த்தால் நாலைந்து டிகிரி சர்வ சாதாரணமாகத் தவறும்.

பையன் முன்னால் நின்று கை ஹேண்டிலை மாட்டி மெதுவாகச் சுற்றினான். பிஸ்டன் அந்தப் போல்ட்டில் ணங் என்று லேசாக முட்டி நின்றது. குழியிலிருந்து பாய் முள்ளுக்கு நேராகப் புல்லியில் சாக்பீஸ் கோடு போட்டார். இப்போது எதிர்ப்பக்கம் சுற்றி இன்னொரு முறை முட்ட வைக்க வேண்டும், ஆனால் கை ஹேண்டில் ஒரு திசையில்தானே பிடிக்கும். ஹேண்டிலை உருவிவிட்டு வண்டியை நாலாவது கியரில் போட்டு, "தள்ளுங்க, பின்னாடி, மெல்ல" என்றார். நானும் பையனும் முன் பம்பரில் கை வைத்துத் தள்ளினோம். அரை மீட்டர்கூட நகர்ந்திருக்காது, மறுபடி ணங். அங்கே இரண்டாவது கோடு.

அப்புறம் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் பழைய தாள் ஒன்றைக் கிழித்து நீளவாக்கில் பட்டையாக மடித்துப் புல்லியின் விளிம்பில் சுற்றி, இரண்டு சாக்பீஸ் கோட்டையும் தாளில் பென்சிலால் குறித்துக்கொண்டார். தாளை எடுத்து, ஒரு பென்சில் கோடு மற்றதன்மேல் விழும்படி பாதியாக மடித்தார். உச்சிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சம தூரத்தில் முட்டியதால், மடிப்பு விழுந்த இடம்தான் உச்சி. திரும்பவும் தாளைப் புல்லியில் ஒட்டி, மடிப்புக்கு நேராக அரத்தால் மெல்லிய கோடு இழுத்தார். அதில் தடவ வெள்ளை பெயிண்ட் தேடினார், காய்ந்துபோயிருந்தது. பையன் ஓடிப்போய் பாய் வீட்டிலிருந்து நகப்பூச்சு வாங்கிவந்தான். பேத்தியுடையதாம். இப்போது எங்கள் 1972 மாடல் அம்பாசிடரின் டைமிங் குறி ரோஸ் நிறத்தில் ஜொலிக்கிறது.

பழைய வெட்டுக்கும் ரோஸ் கோட்டுக்கும் இடையே அளந்து பார்த்தேன், 13 மில்லிமீட்டர். புல்லியின் சுற்றளவு ஏறத்தாழ 40 சென்டிமீட்டர், ஆக ஒரு டிகிரிக்கு 1.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 12 டிகிரி. பழைய வெட்டு "உச்சி" என்று சொல்லும்போது பிஸ்டன் உச்சியைத் தாண்டி 12 டிகிரி கீழே இறங்கியிருக்கிறது. அவர்கள் 5 டிகிரி முன்னால் என்று கச்சிதமாக வைத்தது உண்மையில் 7 டிகிரி பின்னால். எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் எக்ஸாஸ்டுக்குள் போய் எரிந்துகொண்டிருக்கிறது, அதனால்தான் அந்தச் சிவப்பு, அந்த வெடி, அந்த ஹீட். "லைட்டு சரியாத்தான் காட்டுது தம்பி, காட்டுற இடம்தான் தப்பு" என்றார் பாய். என் பதினாலாயிரம் ரூபாய்க்கு இப்போதுதான் கணக்கு கிடைத்தது.

மீதி வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், செய்து பார்க்க நினைப்பவர்களுக்குப் பயன்படும். வால்வுகளுக்கு மேலே இருக்கும் டப்பெட் மூடியைக் கழற்றி நாலாவது சிலிண்டர் வால்வுகளைப் பார்த்தார். இந்த எஞ்சினில் வெடிக்கும் வரிசை 1-3-4-2. நாலாவதில் எக்ஸாஸ்ட் மூடி இன்லெட் திறக்கிற நேரத்தில் முதலாவது கம்ப்ரஷன் உச்சியில் நிற்கும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று சுற்றும் என்பதால் குறி நேராக வந்தாலே போதாது, எந்தச் சுற்று என்றும் பார்க்க வேண்டும். இதைப் பார்க்காமல் பிளக் வயரை மாட்டி, கார்புரேட்டர் வழியாகத் தீ கக்க வைத்தவர்கள் எத்தனையோ பேர்.

அடுத்து பாயிண்ட் கேப், அதாவது தீப்பொறிக்காகத் திறந்து மூடும் பாயிண்ட்டின் இடைவெளி, 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு). கேப்பை முதலில் வைத்துவிட்டுத்தான் டைமிங்கைத் தொட வேண்டும், ஏனென்றால் கேப் அதிகமானால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங்கும் கூடவே முன்னால் போய்விடும். எஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கை முன்னால் தள்ளும் வாக்கும் யூனிட்டின் பைப்பைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் அடைத்துக்கொண்டு உள்ளே தட்டு நகர்கிறதா என்று பார்த்தார். நகரவில்லை. உள்ளே டயாஃப்ரம், அதாவது மெல்லிய சவ்வு, கிழிந்திருக்கிறது. முந்தைய ஷெட்டில் ஒன்றரை மாதத்தில் யாரும் அந்தப் பைப்பை உறிஞ்சிப் பார்க்கவில்லை, இதற்கு ஸ்பேர் பார்ட்ஸும் வேண்டாம், கருவியும் வேண்டாம், வாய் போதும். பாயிடம் பழைய லூகாஸ் டி.வி.எஸ். டிஸ்ட்ரிபியூட்டர்கள் ஒரு சாக்கு நிறையக் கிடக்கின்றன, அதில் ஒன்றிலிருந்து நல்ல யூனிட்டைக் கழற்றிப் போட்டார்.

டைமிங் வைத்ததும் லைட்டால் இல்லை, பார்க்கிங் பல்பால். பல்பின் ஒரு வயர் டிஸ்ட்ரிபியூட்டரின் சின்ன டெர்மினலில், இன்னொன்று பாடியில். இக்னிஷன் ஆன். எஞ்சினை ரோஸ் கோட்டுக்கு 6 டிகிரி முன்னால் நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பை மெல்லத் திருப்பினால் பாயிண்ட் திறக்கிற அந்த நொடியில் பல்பு எரியும், அங்கே நட்டை இறுக்கு. இதில் உள்ளே சுற்றும் ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும், ஆகவே உடம்பை வலஞ்சுழியாகத் திருப்பினால் அட்வான்ஸ், அதாவது தீப்பொறி முன்கூட்டியே விழும். இதில் ஒரு இடத்தில் நானே தப்பு செய்தேன். எஞ்சினைக் குறிக்குக் கொண்டு வரும்போது கொஞ்சம் தாண்டிவிட்டது, பெல்ட்டைப் பிடித்துப் பின்னால் இழுக்கப் போனேன், கையில் ஒரு தட்டு தட்டினார். பின்னால் வந்து நிறுத்தினால் எஞ்சினுக்குள் இருக்கும் டைமிங் செயினின் தொய்வு எதிர்ப்பக்கம் போய்விடும், நன்றாகப் பின்னால் கொண்டுபோய் மறுபடி ஓடுகிற திசையிலேயே வந்து நிறுத்த வேண்டுமாம். எழுபது வயதில் தட்டு பலமாகவே இருக்கிறது.

லைட்டை எடுத்தது கடைசியில். வாக்கும் பைப்பைக் கழற்றி அடைத்துவிட்டு ஐடிலில் ஒரு முறை, பிறகு பையன் ரேஸ் கொடுக்கக் கொடுக்கக் குறி முன்னால் நகர்கிறதா என்று ஒரு முறை. நகராமல் நின்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், வேகம் ஏற ஏற டைமிங்கை முன்னால் தள்ளும் எடைக்கற்கள் துருப்பிடித்துக் கிடக்கின்றன என்று அர்த்தம். எங்களுடையது நகர்ந்தது.

ரோட்டில் சோதனை. எங்கள் பக்கம் ஏற்றம் என்று ஒன்றும் கிடையாது, செம்மண் தட்டை பூமி, கண்மாய்க் கரைதான் உயரம். அதனால் பாய் வைத்திருக்கும் முறை: நாலாவது கியரில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போய், ஒரேயடியாக மிதி. கிளிங் கிளிங் என்று லேசாக ஒன்றிரண்டு தட்டு கேட்டு அடங்க வேண்டும். தொடர்ந்து கேட்டால் அட்வான்ஸ் அதிகம், ஒன்றுமே கேட்காமல் வண்டி சோம்பினால் குறைவு. முதல் ஓட்டத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் சின்னத் திருகாணியை கொஞ்சம் அட்வான்ஸ் பக்கம் திருப்பினார். இரண்டாவது ஓட்டத்தில் கண்மாய்க் கரை ஏறும்போது அந்த இரண்டு தட்டு கேட்டது, பாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே "போதும்" என்றார். இப்போதைய பெட்ரோல் அந்தக் காலத்து பெட்ரோலைவிட இந்தக் கிளிங் தட்டலை அதிகம் தாங்கும், எனவே புத்தகத்தில் போட்டிருக்கும் டிகிரியில் ஆரம்பித்து ரோட்டில் முடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இருபது சதவீத எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஹோஸ் தாங்காது என்று அதையும் மாற்றச் சொன்னார், மாற்றினேன்.

இப்போது லிட்டருக்குப் பத்தரை. வைரவன்பட்டி கோயிலுக்கு அப்பச்சியை உட்கார வைத்து ஒத்திகை மாதிரி ஒரு முறை போய்வந்தோம், ஹீட் முள் பாதியைத் தாண்டவில்லை. அப்பச்சி வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை, திருப்பத்தூர் ரோட்டில் ஒரு பஸ்ஸை ஓவர்டேக் செய்தபோது மட்டும் "ஐயா ஓட்டின மாதிரியே இழுக்குதுடா" என்றார்.

செலவு: கூலி 2,200, சாமான்கள் 950. ஒரு முழுப் பகல். இடையில் எதிரே ஒரு ஆச்சி சுடும் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் கிடைக்கும், காலையில் பத்து மணிக்குள் தீர்ந்துவிடும், முதலில் அதை முடித்துவிட்டு வண்டியைப் பற்றிப் பேசுங்கள்.

குறைகளும் உண்டு. போன் எடுக்க மாட்டார். பில் கிடையாது, கேட்டால் சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதித் தருவார், அதையும் அவர்தான் படிக்க முடியும். பணம் கையில் கொடுக்க வேண்டும், ஜிபே என்றால் பையனின் போனுக்கு அனுப்பி அவன் பாயிடம் சொல்லி என்று ஒரு சுற்று. காத்திருக்க வேப்பமரத்தடி தவிர இடமில்லை, சித்திரை வைகாசியில் அந்த நிழலும் போதாது. பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷன் பேச்சை எடுத்தால் முகம் சுருங்கிவிடுகிறது. "நடுரோட்டுல பாயிண்ட் கெட்டா உப்புத்தாள் போதும், அது கெட்டா என்ன பண்ணுவீங்க" என்கிறார். நான் இதில் அவரோடு ஒத்துப்போகவில்லை, வருடத்துக்கு இரண்டு முறை பாயிண்ட்டைத் தேய்த்துக்கொண்டிருக்க எல்லாருக்கும் நேரம் இல்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டு போனால் முணுமுணுத்துக்கொண்டே மாட்டித் தருவார், பழைய பாயிண்ட் செட்டைத் துணியில் சுற்றி டேஷ்போர்டுக்குள் வைத்துவிடுவார்.

புது மாடல் வண்டி, கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கிற வேலை என்றால் இங்கே போகாதீர்கள், அவரே வேண்டாம் என்பார். அம்பாசிடர், ஃபியட், பழைய ஜீப், ஸ்டாண்டர்டு, அதிலும் எஞ்சின் மாற்றிய வண்டி, எங்கே போனாலும் "டைமிங் பக்கா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள் என்றால் நேராக இங்கே போங்கள். எந்தப் பாகம் எந்த எஞ்சினிலிருந்து வந்தது என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் நல்லது, முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். எஞ்சின் எண் மாறியதை ஆர்.சி.யில் ஏற்றும் வேலையை இதோடு சேர்த்து ஆர்.டி.ஓ. ஆபீசில் முடித்துவிடுங்கள், நான் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறேன்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன், அரையைக் கழித்தது அந்தக் கையில் விழுந்த தட்டுக்கு. காலை ஏழு மணிக்கே திறந்துவிடுவார். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் போகாதீர்கள், பூட்டியிருக்கும்.